‘டோக்கன் சேமிப்பு இடமாற்றம்’னா என்ன தம்பி?

பில் போடும் செயலி ஒன்றைச் செய்யும் சிறிய குழுவில் வேலை பார்க்கிறேன். கைப்பேசியிலும் கணினியிலும் ஓடும் செயலி. வியாபாரம் செய்பவர்களும் அவர்களுக்குக் கணக்கு எழுதுபவர்களும்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். 4.6 பதிப்பை ஒரு வெள்ளிக்கிழமை மாலை வெளியிட்டோம். வெள்ளி மாலை எதையும் வெளியிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வெளியிடுகிறோம். அதற்கான வெளியீட்டுக் குறிப்பை எழுதியது நான். அது இதுதான்:

ஒத்திசைவு வரிசை மறுசீரமைக்கப்பட்டது.
பழைய எக்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட் நீக்கப்பட்டது.
தேதித் தேர்வியில் நல் பாயிண்டர் பிழை சரிசெய்யப்பட்டது.
டோக்கன் சேமிப்பு இடமாற்றம்.
லைப்ரரிகள் புதுப்பிக்கப்பட்டன.

எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டெவலப்பர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது எழுதும் கமிட் செய்திகளை எடுத்து, கொஞ்சம் தமிழாக்கி, ஒட்டினேன். ஒரு வரியும் பொய் இல்லை.

திங்கள் காலை உதவி மையத்தில் போன் எடுக்கும் அக்கா என் மேசைக்கு வந்தார். கையில் அந்தக் குறிப்பை அச்செடுத்து வைத்திருந்தார். நான்காவது வரியின் கீழ் பேனாவால் கோடு. “தம்பி, இதுக்கு என்ன அர்த்தம்?” என்றார். உள்நுழைவுக்கான டோக்கனை (ஒருமுறை உள்நுழைந்தவரைச் செயலி அடையாளம் காணும் குறியீடு) கைப்பேசியின் பாதுகாப்பான சேமிப்பகத்துக்கு மாற்றிவிட்டோம், பழையதை அங்கே எடுத்துப் போகவில்லை, அதனால் எல்லோரும் ஒருமுறை மறுபடியும் உள்நுழைய வேண்டும் என்று விளக்கினேன். “அதை எழுதியிருந்தா காலையிலிருந்து எனக்கு இவ்வளவு போன் வந்திருக்காதே” என்றார்.

பாதிப் பேருக்குக் கடவுச்சொல் ஞாபகம் இல்லை. செயலியை நிறுவிய நாளில் போட்டது, அதற்குப்பின் கேட்கப்படவே இல்லை. சிலர் உள்நுழைவுத் திரையைப் பார்த்ததும் பில் எல்லாம் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார்கள். இரண்டாவது வரி இன்னொரு பக்கம் வெடித்தது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் கோப்பு எடுப்பதை நிறுத்தியிருந்தோம், இனி எக்ஸ்எல்எஸ்எக்ஸ் மட்டும். எங்களுக்கு அதற்குக் காரணம் இருந்தது: பழைய வடிவில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான் கொள்ளும், பெரிய கணக்குகள் பாதியில் வெட்டுப்பட்டன. புதிய வடிவில் 10,48,576 வரிசை. ஆனால் பழைய வடிவை மட்டுமே படிக்கத் தெரிந்த வேறொரு மென்பொருளை நம்பியிருந்தவர்களுக்கு மாதக் கடைசியில் கையுடைந்த மாதிரி ஆகிவிட்டது. ‘எண்ட்பாயிண்ட்’ என்ற சொல்லைப் பார்த்து அது தன்னைப் பற்றியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த பதிப்பிலிருந்து குறிப்பை வேறு மாதிரி எழுதுவது என்று முடிவு செய்தேன். 4.7 முதல் 4.11 வரை நடந்தது இந்தப் பதிவு.

4.7: குவியலைப் பிரித்தல்

முதலில் 4.6க்கும் 4.7க்கும் இடையிலான கமிட்களை, அவற்றைப் பட்டியலிடும் கிட் லாக் கட்டளையால் ஒரு வரிக்கு ஒன்றாக எடுத்தேன். 63 வரி வந்தது. ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: நாளைக் காலை செயலியைத் திறப்பவருக்கு இதனால் என்ன மாறும்? 41 வரிகளுக்குப் பதில் ‘ஒன்றும் இல்லை’. டெஸ்ட் எழுதியது, கோப்பின் பெயரை மாற்றியது, லைப்ரரி ஏற்றியது எல்லாம் அந்தக் கூடைக்குப் போயின. அவற்றில் சில எங்கள் குழுவின் கடினமான வேலைகள். ஒரு டெவலப்பர் மூன்று வாரம் உட்கார்ந்து ஒத்திசைவுப் பகுதியை மாற்றி எழுதியிருந்தார், குறிப்பில் அதற்கு ஒரு வரியும் இல்லை என்றதும் முகம் வாடியது. அவர் உழைப்பு டெவலப்பர்களுக்கான மாற்றப் பதிவில் இருக்கும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். அந்த உள்பதிவுக்கு ‘கீப் எ சேஞ்ச்லாக்’ வழிகாட்டியின் ஆறு தலைப்புகளையே வைத்துக்கொண்டோம்: சேர்த்தவை, மாற்றியவை, கைவிடப்போகிறவை, நீக்கியவை, சரிசெய்தவை, பாதுகாப்பு. அது ஒரு கோப்பு, மக்களுக்குப் போவது இன்னொரு கோப்பு. இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்ததுதான் 4.6இல் நான் செய்த கோளாறு.

மீதி 22 வரிகள். இவற்றைத் திரையில் தெரியும் மாற்றங்களாகச் சேர்த்தபோது ஏழுதான் தேறின. ஒரே மாற்றம் ஐந்து கமிட்களில் சிதறிக் கிடந்தது, ஒரே கமிட்டில் இரண்டு மாற்றங்கள் ஒளிந்திருந்தன.

இதைத் தானாகச் செய்ய வழி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. கமிட் செய்திகளின் முன்னால் ‘ஃபீட்’ (புதிய வசதி), ‘ஃபிக்ஸ்’ (பிழைத் திருத்தம்) என்று ஒட்டு வைத்து எழுதினால், கருவியே அவற்றைத் தொகுத்துத் தந்துவிடும். நானும் ஓட்டிப் பார்த்தேன். ‘ஃபிக்ஸ்’ பட்டியலில் ஒன்பது பிழைகள் வந்தன. அதில் நான்கு, இதே பதிப்பை எழுதும்போது நாங்களே உண்டாக்கி நாங்களே சரிசெய்தவை. வெளியில் இருப்பவர்கள் அவற்றைப் பார்த்ததே இல்லை. பார்க்காத பிழையைச் சரிசெய்துவிட்டோம் என்று அறிவித்தால், இத்தனை நாள் அது நம்மிடமும் இருந்ததோ என்ற சந்தேகம்தான் மிஞ்சும். உள்பதிவுக்கு அந்தக் கருவி போதும், இதற்கு ஆகாது.

அடுத்து வரிசை. விற்பனைப் பக்கத்தில் இருப்பவர்கள் புதிய வசதியை மேலே போடச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. படிப்பவர் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் அது முதலில். காணாமல் போனது, இடம் மாறியது அடுத்து. சரியானவை அதற்குப் பிறகு. புதிய வசதி கடைசியில். புதிய வசதியை ஒருவர் ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்தால் நஷ்டமில்லை, நேற்று இருந்த பொத்தான் இன்று இல்லை என்றால் அந்த நிமிடமே வேலை நிற்கும்.

பயிற்சிக்காக 4.6இன் டோக்கன் வரியையே திரும்ப எழுதினேன்:

“அப்டேட் செய்தபின் ஒருமுறை மட்டும் மீண்டும் உள்நுழைய வேண்டும். கடவுச்சொல் நினைவில்லை என்றால் உள்நுழைவுத் திரையிலேயே ‘மறந்துவிட்டேன்’ என்பதைத் தொடுங்கள். நீங்கள் சேமித்த பில்கள் அப்படியே இருக்கும்.”

இதில் மூன்றாவது வாக்கியத்துக்கு எந்தக் கமிட்டும் இல்லை. அதைத் தந்தது அக்காவின் போன்கள்தான். அன்றிலிருந்து குறிப்பு எழுத உட்காரும்போது ஒரு பக்கம் கிட் லாக், மறுபக்கம் உதவி மையத்தின் டிக்கெட் பட்டியல் (வந்த புகார்களின் பதிவு) என்று இரண்டையும் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

தேதித் தேர்வி வரிக்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. அந்தப் பிழை வெளியில் எப்படித் தெரிந்தது என்று சரிசெய்தவருக்கே தெரியவில்லை. அவர் பார்த்தது பிழைப்பதிவின் ஒரு வரியை. இருவரும் பழைய பதிப்பைக் கைப்பேசியில் ஏற்றி, அரை மணிநேரம் தட்டிப் பார்த்து வரவழைத்தோம். கிடைத்த வாக்கியம்: “கெடு தேதி போடாத பில்லைத் திருத்தும்போது தேதிக் கட்டத்தைத் தொட்டால் செயலி மூடிக்கொண்டது. இனி மூடாது.” தன் கையில் நடந்ததை அதில் அடையாளம் காண்பவர் தலையாட்டுவார், நடக்காதவர் தாண்டிப் போவார். இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது.

4.7இல் ஒரு வேடிக்கையும் செய்துவைத்தேன். மென்பொருள் பிழையை ஆங்கிலத்தில் ‘பக்’, அதாவது பூச்சி, என்பார்கள். ‘இந்த வாரம் நிறையப் பூச்சி பிடித்தோம்’ என்று ஆரம்பித்தேன். மூன்று நாளாகப் பில் அனுப்ப முடியாமல் இருந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு அக்காவிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அத்தோடு நகைச்சுவைக்கு முழுக்கு.

சொற்களோடு ஒரு சண்டை

என் முதல் வரைவுகளில் எல்லா வாக்கியமும் ‘பட்டது’, ‘பட்டுள்ளது’ என்றே முடிந்தன. சரிசெய்யப்பட்டுள்ளது, மேம்படுத்தப்பட்டுள்ளது, நீக்கப்பட்டுள்ளது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கை மாதிரி இருந்தது. யார் செய்தது, இனி யார் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த வினைமுற்று விழுங்கிவிடுகிறது. ‘நீக்கிவிட்டோம்’ என்று எழுதிப் பாருங்கள், உடனே ‘ஏன்?’ என்ற கேள்வி வந்து நிற்கும். அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டிய கட்டாயமும் வரும். ‘மேம்படுத்தினோம்’ என்று எழுதினால் ‘எதை, எவ்வளவு?’ என்று உறுத்தும். உறுத்தட்டும் என்று விட்டேன். ‘பில் பட்டியல் வேகம் மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்ற வரி, கேட்டுக் கேட்டு, ‘ஆயிரம் பில்லுக்கு மேல் இருப்பவர்களுக்குப் பட்டியல் திறக்க நேரமெடுத்தது. இப்போது சட்டென்று திறக்கும்’ என்று ஆனது.

இன்னொரு தவறு: குறிப்பில் ‘ஏற்றுமதி’ என்று எழுதினேன். செயலியில் அந்தச் சொல்லே கிடையாது. பொத்தானில் இருப்பது ‘கோப்பாகச் சேமி’. ‘ஏற்றுமதி எங்கே இருக்கிறது’ என்று கேட்டுப் போன் வந்தது. இப்போது செயலியைத் திறந்து வைத்து, திரையில் உள்ள எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். வழியையும் சொல்லிவிடுகிறேன்: ‘பில்கள்’ பக்கம், மேலே வலது மூலையில் மூன்று புள்ளி, அதில் ‘கோப்பாகச் சேமி’.

எழுதி முடித்ததும் அக்காவிடம் தருவேன். அவர் போனில் வாசிப்பதுபோல வாய்விட்டு வாசிப்பார். எங்கே தடுக்குகிறதோ அங்கே மாற்றுவேன். எத்தனையோ மறுபார்வை முறைகள் படித்திருக்கிறேன், இதைவிடக் கறாரான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

4.8: ஒரு வரியால் வந்த பீதி

திருந்திவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் சறுக்கினேன். 4.8இல் ஒரு கணக்குப் பிழையைச் சரிசெய்திருந்தோம். சுருக்கமாக, தெளிவாக, ‘பில்லின் கூட்டுத்தொகையில் இருந்த பிழையைச் சரிசெய்தோம்’ என்று எழுதினேன். செய்வினை, சின்ன வாக்கியம், வாசித்தபோது அக்காவுக்கும் தடுக்கவில்லை. வெளியிட்டதும் ஆரம்பித்தது. ‘அப்படியானால் இதுவரை அனுப்பிய பில் எல்லாம் தப்பா?’

நடந்தது என்னவென்றால், திரை ஒவ்வொரு வரிசையின் தொகையையும் இரண்டு தசமத்துக்குத் திருத்திவிட்டு (ரவுண்ட் செய்துவிட்டு) கூட்டியது. பிடிஎஃப் முதலில் கூட்டிவிட்டுக் கடைசியில் திருத்தியது. 10.335 மதிப்புள்ள மூன்று வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் திருத்தினால் 10.34, கூட்டினால் 31.02. கூட்டிவிட்டுத் திருத்தினால் 31.005 என்பது 31.01 ஆகும். வித்தியாசம் 0.01. பொதுவாக விலைகளே இரண்டு தசமத்தில் இருப்பதால் இது தெரியாது. சதவீதத் தள்ளுபடி போட்ட வரிசைகளில்தான் மூன்றாவது தசமம் முளைக்கும். ஆக, தள்ளுபடியே போடாதவர்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் என் வரி எல்லோரையும் மிரட்டியது.

அன்று மதியமே குறிப்பை மாற்றினோம்:

“வரிசைவாரியாகச் சதவீதத் தள்ளுபடி போட்ட சில பில்களில், திரையில் தெரிந்த கூட்டுத்தொகைக்கும் பிடிஎஃபில் வந்ததற்கும் கடைசித் தசமத்தில் சிறிய வித்தியாசம் இருந்தது. இனி இரண்டும் ஒன்றாக இருக்கும். தள்ளுபடி போடாத பில்களில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. ஏற்கெனவே அனுப்பிய பில்களை நாங்கள் மாற்றவில்லை. சந்தேகம் உள்ள பில்லைத் திறந்து ‘பிடிஎஃப் காட்டு’ என்பதைத் தொட்டால் புதிய கணக்கில் பார்க்கலாம்.”

நீளம்தான். இருக்கட்டும். பணம், தகவல் இழப்பு, உள்நுழைவு இந்த மூன்றில் ஒன்றைத் தொடும் வரி என்றால் நான்கு விஷயம் இல்லாமல் வெளியே விடுவதில்லை: யாருக்கு நடந்தது, எப்போது நடந்தது, பழையவை என்ன ஆகும், நீங்கள் செய்ய வேண்டியது என்ன. மற்ற வரிகளுக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரு படத்தின் ஓரம் வெட்டுப்பட்டதற்கெல்லாம் நாலு வாக்கியம் எழுதினால் முக்கியமானது அதில் புதைந்து போகும்.

பாதுகாப்புப் பிழைகள் தனி ரகம். ஓட்டை எங்கே, எப்படி உள்ளே நுழையலாம் என்று விவரித்தால் இன்னும் அப்டேட் செய்யாதவர்களைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். ‘பாதுகாப்புத் திருத்தம் இருக்கிறது, இன்றே அப்டேட் செய்யுங்கள்’ என்பதோடு நிறுத்தி, விவரத்தைப் பெரும்பாலானவர்கள் மாறியபின் தருகிறோம்.

500 என்ற சுவர்

இந்த நீளமான குறிப்பை கூகுள் பிளேயில் ஒட்டப் போனால் ஏற்கவில்லை. ஒரு மொழிக்கு 500 எழுத்துதான். நான் கண்ணால் எண்ணிப் பார்த்தேன், முந்நூற்றுச் சொச்சம்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. யுனிகோடில் மெய்யும் அதன் புள்ளியும், உயிர்மெய்யில் மெய்யும் அதன் குறியும் தனித்தனி. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, எண்ணிக்கையில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ‘வேண்டும்’ நமக்கு நான்கு, அங்கே எட்டு. ஆக, தமிழில் எழுதுபவருக்கு 500 என்பது பார்வைக்கு 300 சொச்சம். ‘செய்துகொள்ளுங்கள்’ என்பதை ‘செய்யுங்கள்’ ஆக்கியதில் மட்டும் ஆறு மிச்சம்.

ஆப் ஸ்டோரில் 4000 வரை இடம் உண்டு, ஆனால் பக்கத்தில் முதலில் தெரிவது சில வரிதான், மீதி ‘மேலும்’ என்பதன் பின்னால். அதனால் இரண்டு அளவில் எழுதுகிறேன். செயலிக் கடைகளின் பக்கத்துக்கு, செய்ய வேண்டியதும் பெரிய மாற்றமும் மட்டும். செயலிக்குள் ‘புதியது என்ன’ பக்கத்தில் முழுக் குறிப்பு. ‘பிழைத் திருத்தங்கள் மற்றும் செயல்திறன் மேம்பாடுகள்’ என்ற அந்தப் புகழ்பெற்ற வரியை இதுவரை ஒருமுறைதான் போட்டிருக்கிறேன். அந்தப் பதிப்பில் சொல்ல உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அப்போதும்கூட ‘இந்த முறை உங்கள் திரையில் எதுவும் மாறாது’ என்று எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

4.9: இன்னும் வராத வசதி, இன்னும் போகாத பிழை

புதிய அப்டேட்டை எல்லோருக்கும் ஒரே நாளில் தள்ளுவதில்லை. ஆப்பிளின் படிப்படியான வெளியீட்டில் தானியங்கி அப்டேட் வைத்திருப்பவர்களுக்கு ஏழு நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று போகும். அதில் எங்களுக்குத் தொல்லை இல்லை, குறிப்பும் செயலியும் சேர்ந்தே போகின்றன. தொல்லை வந்தது நாங்கள் சர்வரில் வைத்திருந்த சுவிட்சால். வசதி செயலிக்குள் இருக்கும், ஆனால் சிலருக்கு மட்டும் திறந்திருக்கும். நான் ‘இனி பில்லில் கையொப்பம் சேர்க்கலாம்’ என்று எழுத, பெரும்பாலானவர்கள் தேடிச் சலித்தார்கள். இப்போது சுவிட்சை எல்லோருக்கும் போட்ட பிறகே அந்த வரி குறிப்பில் ஏறும்.

அதே பதிப்பில் ‘இன்னும் சரியாகாதவை’ என்று ஒரு சின்னப் பகுதி சேர்த்தேன். டீம் லீடுக்குப் பிடிக்கவில்லை. நம் குறையை நாமே ஏன் சொல்ல வேண்டும் என்றார். சில பிரிண்டர்களில் பில்லின் அடிப்பகுதி வெட்டுப்படுவது எங்களுக்குத் தெரிந்த பிழை, அந்த மாதம் முடியாது என்பதும் தெரியும். ஒரு முறை போட்டுப் பார்ப்போம் என்று கேட்டு வாங்கினேன். அதைப் பற்றி அழைப்பது நிற்கவில்லை. ஆனால் முன்பு ‘என் பிரிண்டர் கெட்டுவிட்டதா, உங்கள் செயலியா’ என்று ஆரம்பித்து இருபது நிமிடம் போகும். இப்போது ‘போட்டிருக்கிறீர்களே, எப்போது வரும்?’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

4.10: எண்

4.9க்கு அடுத்தது 4.10. எங்களுக்கு அது இயல்பு, புள்ளிக்குப் பின்னால் இருப்பது தனி முழு எண். ஒன்பதுக்கு அடுத்தது பத்து. ஆனால் நாளெல்லாம் தசமத்தோடு புழங்கும் கணக்கர் ஒருவர், ‘4.9 வைத்திருக்கிறேன், 4.1க்கு ஏன் பின்னால் இறங்கச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். எண்ணை மாற்ற முடியாது. தலைப்பில் எண்ணுக்குப் பக்கத்தில் தேதியையும் சேர்த்தோம், மாதத்தை எழுத்தில். 03/04 என்று போட்டால் அது மார்ச்சா ஏப்ரலா என்று இன்னொரு போன் வரும்.

டெவலப்பர்களிடமும் ஒரு மாற்றம் கேட்டேன். ஒவ்வொருவரும் தன் மாற்றத்தைச் சமர்ப்பிக்கும் படிவத்தில் ஒரு கட்டம்: ‘பயன்படுத்துபவருக்கு இது எப்படித் தெரியும்?’ முதல் இரண்டு வாரம் எல்லாவற்றிலும் ‘தெரியாது’ என்றே வந்தது. மாற்றம் தெரியாது என்கிறார்களா, தங்களுக்குத் தெரியாது என்கிறார்களா என்பதே புரியவில்லை. நானும் விடாமல் திருப்பி அனுப்பினேன். இப்போது பாதிப் பேர் ஒழுங்காக எழுதுகிறார்கள்.

4.11: ஒத்திசைவு

ஆரம்பத்திலிருந்து எனக்குப் பிடிபடாத ஒரு சொல் இருந்தது: ஒத்திசைவு. ஒரு கருவியில் போட்ட பில் மற்றதில் வருவதற்கு நாங்கள் வைத்த பெயர். குறிப்பில் அதை எழுதும்போதெல்லாம் அக்கா வாசிப்பில் நின்றுவிடுவார். டிக்கெட்களைத் தேடிப் பார்த்தேன், ஒருவர்கூட அந்தச் சொல்லை எழுதியிருக்கவில்லை. எல்லோரும் எழுதியது ‘பில் ஏறலை’. போனில் சொல்வதும் அதுதான் என்றார் அக்கா.

குறிப்பில் ‘ஏறாமல் நின்ற பில்கள்’ என்று எழுதினால் எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் நான் வைத்துக்கொண்ட விதிப்படி திரையில் இருக்கும் சொல்லைத்தான் எழுத வேண்டும், திரையில் இருப்பதோ ‘ஒத்திசை’. இரண்டு நாள் மாற்றி மாற்றி எழுதிவிட்டு, கடைசியில் வடிவமைப்பாளரிடம் போய், பொத்தானையே மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, ‘குறிப்பு எழுதுறவங்க பொத்தானை மாத்தச் சொல்ற அளவுக்கு வந்துட்டீங்களா’ என்றார். ஆனால் மாற்றிக் கொடுத்தார்.

4.11இன் முதல் வரி: “‘ஒத்திசை’ பொத்தானின் பெயர் இனி ‘பில்களை ஏற்று’. இடமும் வேலையும் அதேதான்.”

அக்கா தடுக்காமல் வாசித்தார். பிறகு நிமிர்ந்து, “ஒத்திசைன்னு ஒரு பொத்தான் இருந்துச்சா?” என்றார்.